முக்கால் பாட்டில்

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்கும் புதுசாத்தானே அரைக்கிறீங்க?"

டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே மாமனார் குரல் கொடுத்தார்.

"ஆமா மாமா, புதுசுதான்" என்றான் டிரைவர், சமையலறையிலிருந்து.

சொல்லிவிட்டு, மிக்ஸியில் வெறும் தண்ணீரை ஊற்றி இரண்டு சுற்று ஓட விட்டான். சத்தம் கேட்க வேண்டுமே! பிறகு மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து கடை பாட்டிலை எடுத்து, வெட்டி வைத்திருந்த காய்கள் மேல் நாலு ஸ்பூன் ஊற்றினான்.

பொய்தான். பத்து மணி நேரம் பஸ் ஓட்டிவிட்டு வந்து நின்று பாருங்கள், நீங்களும் சொல்வீர்கள்.

மனைவிக்கு ஏழாம் மாதம். பிரஷர் எகிறிவிட்டது. படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது, உப்பை அறவே குறைக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உப்பில்லாத சாப்பாடோ அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வயிற்றுப் பிள்ளையும் எடை குறைவு.

நர்ஸ்தான் வழி சொன்னாள். "புதினா, கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு, துளி எண்ணெய், மிளகு. அன்னன்னைக்குப் புதுசா அரைச்சு சாலட் மேல ஊத்திக் குடுங்க. உப்பு இல்லாத குறையே தெரியாது."

சொல்ல என்ன, சொல்லிவிடலாம். இலையை ஆய்ந்து, மண் போகக் கழுவி, பழத்தைப் பிழிந்து, விதை பொறுக்கி... ஸ்டியரிங் பிடித்து மரத்துப்போன கை, எலுமிச்சம்பழத்தைப் பிழிய மறுத்தது. ஒரு வாரம் தாக்குப்பிடித்தான். எட்டாம் நாள் கடையில் அந்தப் பாட்டில் கண்ணில் பட்டது. முன்பக்கம் பச்சை இலை, எலுமிச்சைப் படம், 'வீட்டுச் சுவை' என்று எழுத்து. பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க அவனுக்குத் தெம்பில்லை.

இந்த மனுஷன் ஒருத்தர் வீட்டில் சும்மாதானே இருக்கிறார்! மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவராம். கை நடுங்குகிறதாம், கத்தியைத் தொடக் கூடாது என்று மகள் உத்தரவாம். ரிமோட்டைப் பிடிக்கும்போது மட்டும் நடுங்காது போலிருக்கிறது. இதில் தினமும் விசாரணை வேறு.

"என்னங்க, இப்பல்லாம் ரொம்ப நல்லா அரைக்கிறீங்க" என்றாள் மனைவி, தட்டை வழித்தபடி. "மொத வாரம் ஒரே கசப்பு. மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

"பழகப் பழக வருது" என்று முணுமுணுத்தான்.

"மாப்பிள்ளைக்குக் கைப்பக்குவம் வந்துடுச்சு" என்றார் மாமனார், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல். விரலில் ஒரு பிளாஸ்திரி. எதற்கென்று கேட்கக்கூட டிரைவருக்கு அலுப்பாக இருந்தது.

பாட்டில் வாங்கிய பதினைந்தாம் நாள் செக்கப்.

மனைவியின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றியபடியே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள் நர்ஸ்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? கடை பாட்டில்ல அத்தனையும் உப்பு! அதை ஊத்திச் சாப்பிட்டா பிரஷர் எப்படி எறங்கும்? வயித்துல இருக்கறதுக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

டிரைவர் மனதுக்குள் கணக்குப் போட்டான். பதினைந்து நாள்! தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறான். அடப்பாவி, என்ன காரியம்டா பண்ணியிருக்கே!

"அட, நல்லா எறங்கியிருக்கே!" நர்ஸின் முகம் மலர்ந்தது. "குழந்தையும் எடை கூடியிருக்கு. வீட்ல யாரு சமையல்?"

"இவருதான். பஸ் ஓட்டிட்டு வந்து தினமும் புதுசா அரைச்சுத் தர்றார்."

"பார்த்துக்கோம்மா" என்றாள் நர்ஸ் பக்கத்துப் பெண்ணிடம். "புருஷன்னா இப்படி இருக்கணும்."

அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எப்படியோ பிழைத்தோம், இனி ஒரு சொட்டுக்கூட ஊற்றுவதில்லை என்று வழியெல்லாம் மனதுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போய்ப் பாட்டிலை எடுத்தான். முதல் தடவையாகப் பின்பக்கத்தைத் திருப்பினான். பொடி எழுத்தில் இருந்த சேர்மானப் பட்டியலில் இரண்டாவது பெயரே உப்புதான்.

மூடியைத் திறந்து தொட்டியில் கவிழ்க்கப் போனவன் அப்படியே நின்றான். பதினைந்து நாளாக ஊற்றியும் பாட்டில் இன்னும் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்த்தான். துளி உப்பில்லை. நாக்கில் ஓர் எலுமிச்சை விதை தட்டுப்பட்டது.

"கொட்டிடாதீங்க மாப்பிள்ளை."

திரும்பினான். கதவோரம் மாமனார். பிளாஸ்திரி இப்போது இரண்டு விரலில் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கடைச் சரக்கை மறுநாளே கொட்டிட்டேன். இது மத்தியானம் அவ தூங்கும்போது அம்மியில அரைச்சு ஊத்தினதுதான். கை நடுங்குதா, ரெண்டு விதை விழுந்துடுது, பொறுக்கிட்டு ஊத்துங்க. வெறும் மிக்ஸியை ஓட விட மறந்துடாதீங்க, அவ கேட்டுக்கிட்டு இருப்பா."