சிந்தாத சிரட்டை

கை நடுங்கும் கிழக்குரங்குக்கு மார்ச்சளி. கீரி வைத்தியர் கொடுத்த கஷாயமோ வாய்க்கு வருமுன்னே தரையில் கொட்டியது. மழைக்காலம் தாண்ட மாட்டோம் என்று குரங்கு பயந்தது.

"உன் சிரட்டை சரியில்லை!" என்றது கீரி, குடிக்கத் தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்து கொடுத்த தூக்கணாங்குருவியிடம்.

"உம்ம கஷாயம் தண்ணி, ஓய்!" என்றது குருவி.

"ரெண்டு பேரும் என் கையைப் பார்த்தீங்களா?" என்று கத்தியது குரங்கு.

கீரி மணிக்கட்டைப் பிடித்தது. "அட, பக்கவாட்டில்தானே ஆடுது!"

"முன்னாலேயே சொல்லக்கூடாதா?" குருவி துள்ளியது. "என் கூடும்தான் காற்றில் ஆடுது. முட்டை விழுந்ததா?"

உடனே சிரட்டையை நாரில் கட்டி, ஒரு வளையத்தில் தொங்கவிட்டது. குரங்கு வளையத்தைப் பிடித்தது. கை நடுங்கியது, சிரட்டை ஊஞ்சலாடியது, கஷாயம் சிந்தவில்லை! உதட்டால் சாய்த்து முழுதும் குடித்தது.

"அடப்பாவி வைத்தியரே, இவ்வளவு கசப்பா?" என்று முகத்தைச் சுளித்தது. "சரி, இன்னும் கொஞ்சம் ஊற்றும்."