கேட்காமல் போன முப்பது பாட்டு

அந்தப் பெண்ணின் குரல் கீழே யாருக்கும் கேட்டுவிடக் கூடாது. மொக்கைச்சாமி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து, போனைத் துண்டுக்குள் சுருட்டிக் காதோடு அணைத்து வைத்திருந்தார். பெண்டாட்டி செத்து ஆறு நாள்தான் ஆகிறது.

கீழே துக்கம் கேட்க வந்தவர்கள் இன்னும் கிளம்பவில்லை. இவர் இருக்கிற கோலத்தை அக்கா அங்காளம்மாள் பார்த்தால் திண்டுக்கல்லையே கூட்டிவிடுவாள்.

"யாருப்பா அது, பொம்பளைக் குரலு?"

மகள் சுகன்யா ஈரத்துணி வாளியோடு எதிரே நின்றாள். மொக்கைச்சாமி துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"எவளும் இல்லத்தா. பாட்டு."

"கருமாதி முடியல, அதுக்குள்ள பாட்டா? அத்தை பாத்துச்சுன்னா உங்களுக்கும் சேத்து ஒப்பாரி வச்சிரும்."

"எனக்கென்ன ஆசையா? உங்காத்தாளுக்காகக் கேக்குறேன்."

துண்டை விலக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது செத்துப்போன பெண்டாட்டி சிவனம்மாளின் போன். சுகன்யா வாளியை இறக்கி வைத்தாள்.

சிவனம்மாள் நூல் மில்லில் மிஷின் இரைச்சலுக்கு நடுவே முப்பது வருசம் நின்றவள். மொக்கைச்சாமி லாரிக்காரர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு வருசத்துக்கு முன்னால் லாரியை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான், பெண்டாட்டிக்கு இப்படி ஒரு கிறுக்கு இருப்பதே அவருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் போனில் இருக்கிற பாட்டு ஆப், ஆளின் ருசி பார்த்துப் பொறுக்கிய முப்பது புதுப் பாட்டை இறக்கும். அவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்ததும், தலைமாட்டில் போனை வைத்து ஒவ்வொன்றாக ஓட விடுவாள்.

ஒன்றுகூட சினிமாப் பாட்டு கிடையாது. ஒன்றில் வெள்ளைக்காரன் ஒருத்தன் மாடு மேய்த்துக்கொண்டே பாடுகிற மாதிரி இழுப்பான். இன்னொன்றில் கல்யாண பேண்டு செட்டை விட்டுப் பிரிந்துபோன ஒருத்தன் தன்னந்தனியாக நின்று ஊதுவான். நம் பக்கத்துப் பிள்ளைகள் கிட்டாரைக் கட்டிக்கொண்டு வரப்பையும் வாய்க்காலையும் பாடுவதும் உண்டு.

"அணைச்சுத் தொலை!" என்று படுத்தபடியே கத்துவார். அசைய மாட்டாள். எழுந்து உட்கார்ந்து முகத்துக்கு நேரே கத்தினால்தான் அடுத்த பாட்டுக்குப் போவாள். சம்பாதித்த பொம்பளைக்கு அம்புட்டுத் திமிர் என்று நினைத்துக்கொள்வார். பாட்டு ஓடும்போது அவரை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். கட்டிலின் கால்மாட்டிலேயே கண்ணை வைத்திருப்பாள். திடீரென்று ஏதாவது ஒரு பாட்டுக்கு மட்டும் சிரித்தபடி, பிடித்திருக்கிறது என்று சொல்கிற ஹார்ட்டை அமுக்குவாள்.

"நான் ஒரு பாவம் பண்ணிட்டேன் தாயி," என்றார் மொக்கைச்சாமி.

"என்னப்பா?"

"போன வெள்ளிக்கிழமை இந்தப் போனைத் தூக்கி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன். செத்த நேரம் நிம்மதியாத் தூங்கலாம்னு. வீடு பூராத் தேடுனா. 'போனைப் பாத்தீகளா'ன்னு எங்கிட்டயே வந்து கேட்டா. இல்லைன்னுட்டேன். மறுநா விடிஞ்சு நான் போயி எழுப்புறேன், அவ எந்திரிக்கல."

துண்டுக்குள் அந்தப் பெண் பாடிக்கொண்டே இருந்தாள்.

"அவ கேக்காமப் போன முப்பது பாட்டு இது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. புதுசு வந்தா இதெல்லாம் போயிரும்ல? மூணு நாளா ஒன்னு விடாம முழுசாக் கேட்டுட்டேன்."

"கேட்டு என்னப்பா செய்யப் போறீங்க?"

"ஹார்ட் அமுக்கணும். அமுக்காம விட்டா அந்த மிஷினு ஆளோட ருசியவே மறந்துரும்னு நீதான ஒருக்காச் சொன்ன? நான் மறந்தாலும் மறப்பேன், அது அவள மறக்கக் கூடாது. ஆனா எதுல அமுக்குறது? லாரி ஓட்டுனவனுக்கு என்ன எழவு தெரியும்? உங்காத்தாளுக்கு எது பிடிக்கும்னு நீ சொல்லு, அமுக்குறேன்."

போனை நீட்டினார்.

சுகன்யா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். போனைப் பார்க்கவில்லை, குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு பாதி தாண்டியதும், தானே விரலை நீட்டி ஹார்ட்டை அமுக்கினாள்.

"ஏத்தா, எதை வச்சு அமுக்குன?"

"உங்க காலை வச்சு."

மொக்கைச்சாமி குனிந்து பார்த்தார். வலது கால் பெருவிரல் ஆக்சிலேட்டரை மிதிப்பது போலத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் பார்த்ததும் நின்றுவிட்டது.

"அம்மாவும் இப்டித்தான்ப்பா போடும். உங்க கால் ஆடுச்சுன்னா ஹார்ட்டு. ஆடலைன்னா அடுத்த பாட்டு."

மொக்கைச்சாமிக்கு எரிச்சல் வந்தது.

"கிறுக்கச்சி! பாட்டுக் கேட்டவ அவ. என் காலை எதுக்குப் பாக்கணும்? அவ காது எங்க போச்சு?"

சுகன்யா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது மில்லுலயே போயிருச்சுப்பா."