பீரோ நின்ற மூலை

தரைக்கு டைல் பதிக்கக் குத்தவைத்தே முட்டி இரண்டும் செத்துப்போயின. கையில் மிச்சம் ஒரே டைல். கடையில் அந்த டிசைன் நின்றுபோயிற்று. அது போகவேண்டிய நாலாவது மூலையில் பீரோ. வெட்டி முடித்தால்தான் நகர்த்துவேன் என்றார் வீட்டுக்காரர் ஞானதுரை. மற்ற மூலைகளை என் மகளின் பாகைமானியால் அளந்தேன். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, எண்பத்தொன்பது.

“அப்போ இது தொண்ணூத்திநாலு சார். நாலும் சேந்தா முந்நூத்தறுபது வரணும்லா.”

“என்ஜினியர் கட்டின ரூம் வே. நாலும் தொண்ணூறுதான். பள்ளிக்கூடம் நடத்தாம வெட்டும்.”

தொண்ணூறுக்கே வெட்டினேன். பீரோவை நகர்த்திவிட்டு டைலை வைத்தோம். ஒரு ஓரம் சுவரோடு ஒட்டியது. மறு ஓரத்தில் என் விரல் நுழைந்தது.

“தப்பா வெட்டிட்டீரே,” என்றார்.

பீரோவைத் திரும்ப அதே மூலைக்குத் தள்ளினோம். இடைவெளி வெளியே தெரியவில்லை. அவருக்கு நான் இன்னும் ஒரு டைல் பாக்கி.