கண்ணால் கண்டவர்

கதம்ஷோ கூட்டி வந்த கிழவர் உட்காராமலே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நீசோ அவசரமாகப் பேனாவைத் திறந்தாள்.

ஆப்கன் எல்லையை ஒட்டிய கோரோக் நகரத்து முன்னாள் படைவீரர் அலுவலகத்தில், கதம்ஷோவின் மனு அவள் மேசைக்குத் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆப்கன் போரில், ஃபைசாபாத் சாலையில், தான் ஓட்டிய லாரி கண்ணிவெடியில் சிக்கிக் கால் போனது என்கிறார் அவர். குடித்துவிட்டு லாரியைப் பள்ளத்தில் உருட்டினார் என்கிறது சோவியத் படையின் பதிவு.

குடித்து உருட்டியவருக்குப் போர்க்காய உதவி கிடையாது.

அது கூடப் பரவாயில்லை. அவரோடு லாரியில் இருந்த இருவரும் அங்கேயே இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவன் அவருடைய மைத்துனன். மனைவி வீட்டார் இன்றுவரை அவர் வீட்டில் ஒரு துண்டு ரொட்டி பிட்டதில்லை.

கண்ணால் கண்ட ஒருவரையாவது கொண்டுவாருங்கள், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள் என்று போன மாதம் நீசோ சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது ஒருவர் வந்திருக்கிறார். பெயர் அமான்பேக். பேசுவது இவர்களுடைய அதே ஷுக்னி மொழி, எல்லைக்கு இருபுறமும் புழங்குவது.

வளைவில் லாரி நின்றது என்றார் அவர். வழியில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி. ஓட்டுநர் இறங்கி, அதைத் தூக்கிப்போய்ச் சரிவில் விட்டுவிட்டுத் திரும்பினார். நடையில் துளித் தள்ளாட்டம் இல்லை. லாரி மறுபடி நகர்ந்ததுதான் தாமதம், இடது முன்சக்கரத்துக்கடியில் தரை வெடித்தது.

ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த கதம்ஷோ திரும்பினார். அந்தக் குட்டியை அவரே மறந்துபோயிருந்தார்.

வளைவு, சக்கரம், கால். ஏற்கெனவே அவர் எழுதிக் கொடுத்திருந்ததோடு எல்லாம் பொருந்தியது. நீசோவுக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இது போதும், இனி யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று அவரிடம் சொன்னாள்.

கதம்ஷோ தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைத்துனன் வீட்டுக்கு இன்றைக்கே போய்விட்டு வரவேண்டும் என்றார் பிறகு.

முத்திரையை எடுக்கப்போனவள் படிவத்தில் ஒரு இடம் காலியாக இருப்பதைக் கவனித்தாள். சாட்சி அப்போது எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று கேட்டாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அமான்பேக் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நான் லாரியில இல்ல மகளே. மேல, பாறைக்குப் பின்னால படுத்திருந்தேன். அந்த வெடியைப் புதைச்சதே நான்தான்."

நீசோவின் பேனா அப்படியே நின்றது.

கதம்ஷோ கிழவரின் தோளில் கை வைத்தார்.

"எழுதிக்க தங்கச்சி. இவரவிடப் பக்கத்துல இருந்து பாத்தவங்க யாரும் இப்ப உயிரோட இல்ல."

அந்தக் காலி இடத்தில் 'எதிர்த்தரப்பு' என்று எழுதி, நீசோ முத்திரையை அழுத்திக் குத்தினாள்.