இருபத்தொன்றாவது தடிப்பு

மூன்று வருஷமாக உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு. கத்திரிக்காய், கருவாடு, களி என்று கலைமணி விட்டுப் பார்க்காத பண்டமில்லை. தருமபுரி டாக்டர், உலகத்து அரிப்பெல்லாம் தன் கைக்குள் அடக்கம் என்ற தோரணையில், எது சேரவில்லை என்று பார்க்க, பண்டத்துக்கு ஒரு சொட்டாக அவள் முதுகில் இருபது இடம் குத்தி, நீல மையில் எண் போட்டார்.

இருபதில் ஒன்றும் தடிக்கவில்லை. இருபத்தொன்று என்று எண் போட்ட இடம் தடித்திருந்தது.

"அது எதுக்குங்க சார் குத்துனது?" என்றான் புருஷன் குரு.

குத்தியதே இருபதுதான். ஆனால் தெரியாது என்கிற சொல் டாக்டர் வாயில் வராது.

"அதை மட்டும் தவிர்த்துடுங்க."

"எதைங்க?" என்றாள் கலைமணி.

அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மறுநாள் குரு அவளுக்கு முதுகு தேய்த்துவிட்டான். இருபது எண்களும் கரைந்தன. இருபத்தொன்று கரையவில்லை. அதன் கீழே, அதே மையில், இருபத்திரண்டு இருந்தது. அந்த இடம் இன்னும் தடிக்கவில்லை.