பெரியவர் வீட்டு வழக்கம்

மனிதர் எழுதும் புரோகிராமைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவதுதான் கம்பைலரின் வேலை. மேசைக் கணினியின் பெரிய சிப்பிடம் நெடுங்காலம் இருந்த ஒரு கம்பைலர், கைப்பேசியின் குட்டிச் சிப்பிடம் மாற்றலாகி வந்தார். வந்ததும் வராததுமாக, "மெமரியில இருக்கிற எண்ணோட அஞ்சைக் கூட்டு" என்றார்.

"அங்கேயே வச்சுக் கூட்ட எனக்கு வராது சார். எடு, கூட்டு, திருப்பி வைன்னு தனித்தனியாச் சொல்லுங்க."

"இது என்ன கூத்து! எங்க பெரியவருக்கு ஒரே சொல் போதும்."

ஆனாலும் புரோகிராம் ஓடாவிட்டால் தன்னையே அழித்துவிடுவார்களே! மூக்கால் அழுதுகொண்டே ஒவ்வொரு கட்டளையையும் மூன்றாக உடைத்தார். புரோகிராம் குதிரையாக ஓடியது. அப்போதும் மனசு ஆறவில்லை. குட்டிச் சிப்பைப் பற்றிக் குறை சொல்லப் பெரியவர் வீட்டுக்குக் கிளம்பினார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே பெரியவர் வேலை மும்முரத்தில் தனக்குத்தானே முணுமுணுப்பது கேட்டது.

"முதல்ல எடு... இப்பக் கூட்டு... ம், திருப்பி வை..."

கம்பைலர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"பெரியவர் எப்படி இருக்கார் சார்?" என்று ஆவலாகக் கேட்டது குட்டிச் சிப்.

கம்பைலர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "உன் ஜாடைதான்."