டக் டக் பட்டன்

"இதுல சத்தமே வரலையே... இன்னும் நல்லா சத்தம் போடுற மாதிரி காட்டுங்க."

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் பிடித்துக் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிற கேம்பேட் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் பட்டன் சத்தம் போடக் கூடாது என்றுதான் கேட்பார்கள். இந்தப் பெண் தலைகீழாகக் கேட்கிறாளே!

"யாருக்கும்மா?"

"மாமனாருக்கு. கம்ப்யூட்டர்ல பழைய வீடியோ கேமை ஓட்டுற எமுலேட்டர்னு ஒண்ணு போட்டுக்கிட்டு, அந்தக் காலத்து கேமா ஆடித் தள்ளுறார்."

"பழைய கேமுக்குத் திசை பட்டன்தான் முக்கியம். ஒயர் வெச்சதா இருந்தா அமுக்கின உடனே கேம்ல இருக்கிற ஆள் குதிப்பான். இதை எடுத்துக்கங்க. மூச்சு விடாது."

"ஐயோ, அது வேண்டாம். அடுப்படி வரைக்கும் கேட்கணும்."

ஓஹோ, சங்கதி அப்படிப் போகிறதா! பாவம், ரிட்டையர் ஆன மனுஷன் நிம்மதியாக ஒரு ஆட்டம் ஆட முடியவில்லை. மருமகள் வேவு பார்க்கிறாள்.

கடைக்காரரே வீட்டில் மனைவிக்குத் தெரியாமல், சத்தமில்லாத பட்டனை வைத்துத்தான் கேம் ஆடிக்கொண்டிருந்தார். முகம் தெரியாத அந்தப் பெரியவர் மேல் அவருக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

மேஜையில் இருந்த அத்தனையையும் அமுக்கி அமுக்கிப் பார்த்து, டக் டக்கென்று கடையே அதிர்ந்த ஒன்றை அவள் தூக்கினாள்.

"இதேதான்!"

"புதுசு எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனார் கடைக்காரர். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி பெட்டி. மூச்சு விடாததைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஆடுங்க பெரியவரே, ஆசை தீர ஆடுங்க!

பையை நீட்டும்போது அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமனாரை அடுப்படியிலேருந்தே கண்காணிக்கப் போறீங்களாக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமாங்க. போன மாசம் ரூம்ல மயங்கி விழுந்துட்டார். ரொம்ப நேரம் யாருக்குமே தெரியல. பக்கத்துல போய் உட்கார்ந்தா, 'நான் என்ன குழந்தையா'ன்னு கோவம் வருது. அவர் கீபோர்டுல ஆடுற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் நிம்மதியா சமைப்பேன். சத்தம் நின்னா, டீ கொண்டு போற சாக்குல ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஆடி ஆடி அந்தக் கீபோர்டும் போயிடுச்சு. அதான் இது. வரேங்க."

பையை வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

"அம்மா! அம்மா! நில்லுங்க!"

விழுந்தடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார் கடைக்காரர்.

"பெட்டி மாறிப்போச்சும்மா!"